விளக்கை மறைத்த ஜகரண்டா

வெட்ட வெட்டத்தான் அந்த மரம் அடர்ந்தது. ஏன் என்று மாரிசாமிக்குப் பிடிபடவே இல்லை.

ஏற்காடு பஞ்சாயத்தில் தெருவிளக்குகளும் தெருமரங்களும் அவர் பொறுப்பு. மரியபுஷ்பத்தின் வீட்டு முன்னால் நின்ற ஊதாப்பூ ஜகரண்டா மரம் மட்டும் அவரை ஆட்டி வைத்தது. வருஷாவருஷம் வைகாசியில் விளக்குப் பக்கம் நீளும் கிளைகளைப் பாதியில் தறிப்பார். கார்த்திகைக்குள் தறித்த முனையெல்லாம் விளக்குமாறு போலக் குச்சி குச்சியாகக் கிளம்பி, விளக்கை முன்னைவிட மோசமாக மூடிவிடும்.

எண்பத்துநாலாம் வருஷம் பஞ்சாயத்துத் தலைவர் பொறுமை இழந்தார். "இந்தத் தடவையும் விளக்கு மறைஞ்சா மரத்தையே சாச்சிருங்க."

சேதி மரியபுஷ்பத்தின் காதுக்கு எட்டியது. அந்த நிழலில்தான் அவள் ஜெரேனியமும் பிகோனியாவும் தொட்டி தொட்டியாக வளர்த்துக் கோடை சீசனில் விற்றுப் பிழைத்தாள். மாரிசாமி ஏணியோடு வந்ததும் பிடித்துக்கொண்டாள்.

"ஏனுங்கண்ணா, மரம் போச்சுன்னா என்ற செடியெல்லாம் வெந்து போயிருமுங்க. நீங்க வெட்டறீங்களா, வளக்கறீங்களா?"

"நக்கலா அம்மிணி? காப்பி எஸ்டேட்ல இருந்தப்ப நெழலுக்கு நின்ன முள்ளுமுருங்கைய எப்படி வெட்டினனோ அப்படியேதான் வெட்டறேன்."

"அங்க எதுக்குங்க வெட்டறது?"

"மழைக்காலத்துல காப்பிக்கு வெளிச்சம் வேணும். அப்புறம் கோடைக்குள்ள நொம்ப அடர்த்தியாத் தழைஞ்சு நெழல் கட்டோணும். அதுக்காவத்தான் பாதியில..."

பேச்சு பாதியில் நின்றது. தழைய வைப்பதற்கென்றே உள்ள வெட்டு அது! அதை அல்லவா இத்தனை வருஷமும் தெருவில் போட்டிருக்கிறார்!

மளமளவென்று ஏறினார். தறித்த கட்டைகளிலெல்லாம் குச்சிக் கூட்டம். ஆனால் முந்தின வருஷக் காற்றில் முறிந்த ஒரு கிளை மட்டும் சுத்தமாக இருந்தது. அது கிளை இரண்டாகப் பிரியும் கவையில் முறிந்திருந்தது. அங்கே பிரிந்த பருத்த பக்கக்கிளை தெம்பாக நீண்டிருந்தது.

"அம்மிணி! இங்க ஒரு குச்சிகூட இல்லை!" அவர் போட்ட கூச்சலில் எதிர்வீட்டு நாய் குரைத்தது.

விஷயம் இதுதான். கிளையின் நுனி தனக்குப் பின்னால் உள்ள துளிர்மொட்டுகளைத் தூங்க வைத்திருக்கிறது. நுனி போனால் அத்தனையும் விழித்துக்கொள்ளும். அருகிலேயே பருத்த பக்கக்கிளை இருந்தால் அதுவே புதிய நுனியாகிவிடும். வளர்ச்சி அந்தப் பக்கம் போகும், பெரும்பாலான மொட்டுகள் தூங்கிக்கொண்டே இருக்கும்.

அன்றே அரிவாளை வைத்துவிட்டு ரம்பத்தை எடுத்தார். பழைய கட்டைகளையும் குச்சிகளோடு கவை வரைக்கும் அறுத்தெடுத்தார்.

மழை ஓய்ந்து கார்த்திகை வந்தது. தலைவர் விளக்கடியில் நின்று அண்ணாந்து பார்த்தார். தெரு முழுக்க வெளிச்சம். மரம் தன் கிளைகளை மரியபுஷ்பத்தின் தொட்டிகள் பக்கம் விரித்திருந்தது.

"மரம் இருக்கட்டும். என்னய்யா பண்ணினே?"

மாரிசாமிக்கு உற்சாகம் தாங்கவில்லை. "கிளைய நடுவுல தறிக்கக் கூடாதுங்க. விளக்குக்கு எதிர்ப்பக்கம் போற பருத்த பக்கக்கிளை எங்க பிரியுதோ, அந்தக் கவையில, கட்டை மிச்சம் வைக்காம அறுக்கோணுமுங்க."