தட்டிப் பார்க்காத குட்டி

செத்துப்போன புருஷனின் தாடையைத் தலையோடு சேர்த்துக் கட்டிய துணியை வெள்ளத்தாய் இறுக்கிக்கொண்டிருந்தபோது வாசலில் மேளம் அதிர்ந்தது. கொல்லையில் நாய்க்குட்டிகள் கத்திக்கொண்டு மூலைக்கு ஓடின. ஒன்று மட்டும் சாக்கில் தூங்கியது. அவளுக்குத் தெரிந்துவிட்டது. ராஜபாளையம் நாயில் சில குட்டி செவிடாகப் பிறக்கும். வெள்ளை அழகாக இருந்தால் வாங்குகிறவன் காதைப் பார்க்க மாட்டான்.

புருஷன் மொக்கைச்சாமி பார்க்க வைப்பார். வந்தவன் கண்ணெதிரே குட்டியின் முதுகுக்குப் பின்னால் தாம்பாளத்தைத் தட்டுவார். திரும்பாத குட்டியை விற்க மாட்டார். இந்த ஈற்றுக் குட்டிகளைத் தட்டிப் பார்ப்பதற்குள் நெஞ்சடைத்துப் போய்ச் சேர்ந்தார்.

கொல்லையில் மகன் வினோத்தோடு ஸ்ரீவில்லிபுத்தூர் பெலிக்ஸ் நின்றார். சுந்தரபாண்டியத்துத் தோப்புக் காவலுக்கு நாய் சொல்லி வைத்திருந்தவர், சாவு தெரியாமல் வந்துவிட்டார். பொறவு வருகிறேன் என்றவரை வினோத்தான் நிறுத்தினான். குட்டி செவிடு என்று அவனுக்கும் தெரியும், நாய்க்காரன் மகன். ஆனால் விற்கிறவன் நாக்குக்கு நரம்பு கிடையாது.

“இம்புட்டு மேளத்துக்கும் அசையுதா பாருங்க அண்ணாச்சி. பயம்னா என்னன்னே தெரியாத குட்டி.”

பெலிக்ஸ் முகம் மலர்ந்து குட்டியைத் தூக்கினார்.

பிணத்தின் தலைமாட்டை விட்டுப் பெண்டாட்டி எழக்கூடாது என்பார்கள். நாத்தனார் சேலையைப் பிடித்து இழுத்தாள். வெள்ளத்தாய் உதறிவிட்டுக் கொல்லைக்கு நடந்தாள்.

“அது தைரியமில்லய்யா. செவிடு. தோப்புல திருடன் வந்தா தூங்கும்.”

“துக்கத்துல அம்மா என்னமோ பேசுது அண்ணாச்சி. எம்மா, நீ உள்ள போ.”

மேளம் ஓயும்வரை அவள் நகரவில்லை. பிறகு சோற்றுப்பானை மூடியை எடுத்துக் குட்டியின் பின்னால் ஓங்கித் தட்டினாள். பெலிக்ஸ் துள்ளிவிட்டார். குட்டி அவர் கையில் கொட்டாவி விட்டது.

“ஏலே, உங்கப்பன் இன்னும் வாசல் தாண்டல. அதுக்குள்ள அவரு பேருல பொய்ய விக்க வந்துட்டியோ?”

“இனி இத எவன் வாங்குவான்?”

“ஒருத்தனும் வாங்க வேண்டாம். எங்கிட்ட கெடக்கட்டும்.”

பெலிக்ஸ் குட்டியை இறக்கிவிட்டு, வாசலில் துக்கத்துக்கு வந்தவர்களோடு போய் உட்கார்ந்தார்.

குளிப்பாட்டத் தண்ணீர் வந்தது. மகன்தான் முதல் செம்பு ஊற்ற வேண்டும். கூப்பிட்டுப் பார்த்தார்கள். வினோத் கொல்லைச் சுவரைப் பார்த்து நின்றான். பொம்பளையா ஊற்றுவது என்று பெரியவர்கள் முனகினார்கள். வெள்ளத்தாய் யாரையும் கெஞ்சவில்லை. செம்பை வாங்கி அவளே ஊற்றினாள். நெற்றியிலிருந்து வழிந்த தண்ணீர் அவர் கண்ணுக்குள் போய்விடாதபடி, புருவத்தின் மேல் உள்ளங்கையை அணையாக வைத்துக்கொண்டாள்.