நாலு நிமிடம் பன்னிரண்டு வினாடி

மார்ச் 9, ஞாயிறு, மாலை 6.40.
இன்றைய தவறு: ஒன்று. எடுத்த பேக்கப் சரியாக இருக்கிறதா என்று பார்க்க, ஒரு போனுக்கு ஒரு கோப்பைத் திறந்தால் போதும். அக்காவின் போனில் இரண்டைத் திறந்துவிட்டேன். முதலாவது, செருப்புக் கடையில் எடுத்த படம். இரண்டாவது, குரல் பதிவு. நீளம் நாலு நிமிடம் பன்னிரண்டு வினாடி. கேட்டது ஒரு நிமிடம் பத்து வினாடி. மீதியைக் கேட்கவில்லை.

சின்னவள் டைரியில் இவ்வளவுதான் எழுதினாள்.

பகலில் மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை, மாலையில் கம்ப்யூட்டர் பழுதுபார்க்கும் வகுப்பு என்று அவளுக்கு நாள் ஓடியது. வகுப்பில் சேர்ந்த மூன்றாம் வாரமே அம்மாவின் போன், துணி ஊறவைத்த வாளிக்குள் விழுந்து செத்தது. அம்மா தையல்காரி. வாடிக்கையாளர்களின் அளவுச் சீட்டுகளைப் படமெடுத்து அந்தப் போனில்தான் வைத்திருந்தாள். நாற்பது பேரைத் திரும்பக் கூப்பிட்டு நாடா பிடித்து அளக்கவேண்டியதாயிற்று. "நீ படிக்கிற படிப்பு எதுக்குத்தாண்டி உதவும்?" என்று அம்மா கேட்டது சின்னவளுக்குச் சுருக்கென்று தைத்தது. அந்த வாரத்திலிருந்து ஞாயிற்றுக்கிழமை என்றால் பேக்கப் நாள். அம்மா போன், அக்கா போன், தன் போன் என்று மூன்றையும் முன்னறைக் கம்ப்யூட்டரில் வரிசையாகச் செருகி, தேதி, அளவு, பிடித்த நேரம் எல்லாவற்றையும் நோட்டில் எழுதிவைப்பாள்.

கம்ப்யூட்டர் பழசு, டிஸ்கில் இடம் இல்லை. அதனால் ஒரு போனுக்கு ஒரு பேக்கப்தான். புதிதாக எடுக்கும்போது, போனில் இல்லாத எதுவும் கம்ப்யூட்டரிலிருந்தும் அழிந்துவிடும். கேபிளைச் செருகினால் போதும், யாரும் எதையும் அழுத்தாமலே வேலை தானாகத் தொடங்கும். இந்த ஏற்பாட்டைப் போன மாதம் சாப்பாட்டு மேசையில் அக்காவின் கணவருக்கு அவளே பெருமையாக விளக்கியிருந்தாள்.

"அப்போ புதுசு வந்தா பழசு போயிடும்?" என்று கேட்டார் அத்தான்.

"ஆமா அத்தான்."

"பரவாயில்லையே, டீச்சரம்மா!"

அத்தான் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர். சுவரில் இடித்தவர்களிடம்கூட அவர் குரலை உயர்த்தியதில்லை. "பதட்டப்படாதீங்க. கிளட்சை மெதுவா விடுங்க. மெதுவா… இன்னும் மெதுவா…" என்று அவர் சொல்வதைக் கேட்டாலே வண்டி தானாக நகரும் என்பார்கள். வாயில் விரலை வைத்தாலும் கடிக்கத் தெரியாத மாப்பிள்ளை என்று அம்மா வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொள்வாள்.

பதிவில் இருந்ததும் அதே குரல்தான்.

"பதட்டப்படாத. மெதுவா மூச்சு விடு. கத்தினா இன்னும் இறுக்குவேன். மெதுவா… இன்னும் மெதுவா…"

இடையில் தோல் பெல்ட் முறுகும் சத்தம். அடைபட்ட குழாயிலிருந்து வருவதுபோல அக்காவின் மூச்சு. ஒரு நிமிடம் பத்து வினாடியில் சின்னவள் அதை நிறுத்தினாள்.

மறுநாள் கடை இடைவேளையில் அக்காவுக்குப் போன் செய்தாள். எப்படித் தொடங்குவது என்று தெரியாமல், "உன் பேக்கப் சரியா இருக்கு" என்றாள்.

அக்கா குரலைத் தாழ்த்தினாள். "கேட்டியா?"

"ஒரு நிமிஷம்தான் கேட்டேன்."

"அம்மாகிட்ட சொல்லாத. சொன்னாலும் நம்பாது. அழிச்சிடாம வெச்சிரு, குட்டி. நானா கேக்குற வரைக்கும் வெச்சிரு."

மழையானாலும் காய்ச்சலானாலும் ஞாயிறு தவறாமல் அக்கா போனைக் கொண்டுவந்து நீட்டியது ஏன் என்று அப்போதுதான் சின்னவளுக்கு உறைத்தது. அம்மாவிடம் சொல்வது சரியா, சொல்லாமலிருப்பது சரியா? டைரியில் நடுவே கோடு போட்டு இரண்டு பக்கமும் எழுதிப் பார்த்தாள். இடது பக்கம் ஒன்பது காரணம், வலது பக்கம் ஒன்பது. புதன்கிழமை வரை அந்தக் கோட்டைத் தாண்ட அவளால் முடியவில்லை.

புதன் மதியம் மூன்று மணிக்கு அக்கா வந்தாள். ஒரு காலில் மட்டும் செருப்பு. இடது கை முழங்கைக்குக் கீழே தப்பான பக்கம் திரும்பியிருந்தது. கழுத்தைச் சுற்றி இறுக்கமாக ஒரு துணி.

"மாடிப்படியில விழுந்துட்டேம்மா."

"பாத்து நடக்கக் கூடாதா?" அம்மா தையல் மெஷினை விட்டு எழுந்து, கையைப் பார்த்துப் பதறினாள். ஆனாலும் வாய் சும்மா இருக்கவில்லை. "மாப்பிள்ளைகிட்ட சொல்லிட்டு வந்தியா? இல்ல, போன தடவை மாதிரி கோவிச்சுக்கிட்டா? அந்தத் தங்கமான மனுஷனைத் தவிக்க விடாதடி. அவர் வரட்டும், கையைக் காட்டிட்டு அப்படியே உன்னைக் கூட்டிட்டுப் போகட்டும்."

அக்கா உள்ளறைக் கட்டிலில் போய்ச் சாய்ந்தாள். அன்று கடைக்கு விடுமுறை என்பதால் வீட்டிலிருந்த சின்னவள் தண்ணீர் கொண்டுபோனபோது, அக்கா அவள் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"ஆத்திரத்துல சொல்லித் தொலைச்சிட்டேன்டி. எல்லாம் எங்கம்மா வீட்டு கம்ப்யூட்டர்ல இருக்குன்னு. போனைப் பிடுங்கி அதுல இருந்ததை எல்லாம் துடைச்சிட்டார். இங்க வருவார். அதுவும் போயிடுச்சுன்னா அம்மா என்னை இன்னைக்கே அனுப்பிடும். இந்தத் தடவை போனா நான் திரும்பி வரமாட்டேன்."

இன்னொரு நகல் எடுக்கவேண்டும், உடனே. பென் டிரைவ் வீட்டுப்பாடத்தோடு வகுப்பு ஆசிரியரின் மேசையில் கிடக்கிறது. சரி, தன் போனிலேயே போட்டுவிடலாம். முன்னறைக்கு ஓடி, இருந்த ஒரே கேபிளில் தன் போனைச் செருகினாள். பழைய கம்ப்யூட்டர் அதை அடையாளம் கண்டுகொள்வதற்கே அரை நிமிடம் பிடித்தது. அதற்குள் வாசலில் கார் நின்றது.

"வாங்க மாப்பிள்ளை" என்றாள் அம்மா.

அத்தான் செருப்பை ஒழுங்காகக் கழற்றி ஜோடி சேர்த்து வைத்துவிட்டு உள்ளே வந்தார். கையில் அக்காவின் போன்.

"போனை மறந்துட்டு வந்துட்டா, அத்தை. படியில விழுந்ததுல மூளையும் குழம்பிடுச்சு போல." சிரித்தார். நேராகக் கம்ப்யூட்டர் மேசைக்கு வந்து நின்றார். "என்ன டீச்சரம்மா, பேக்கப்பா? உன் போன்ல சார்ஜ் நிறைய இருக்கே. இதைப் போடு முதல்ல."

சின்னவள் நகரவில்லை. அவர் அவள் போனைப் பக்குவமாகக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு, அந்தக் கேபிளில் அக்காவின் போனைச் செருகினார். திரையில் பச்சைப் பட்டை ஒன்று தோன்றியது. ஒரு சதவீதம். இரண்டு.

அவள் கேபிளைப் பிடுங்கினாள்.

"என்னடி இது? மாப்பிள்ளை சொல்றதைச் செய்யேன்!" என்றாள் அம்மா.

"பதட்டப்படாத" என்றார் அத்தான் மெதுவாக. மறுபடி செருகினார். இந்தத் தடவை அவருடைய இடது கை அவள் பிடரியில் வந்து உட்கார்ந்தது. பார்க்கிறவர்களுக்கு அது செல்லமாகத் தட்டிக்கொடுப்பதுபோல இருக்கும். விரல்கள் இரும்புக் குறடுபோல இறுகின. "புதுசு வந்தா பழசு போயிடும்னு நீதானே சொன்னே?"

ஏழு சதவீதம். ஒன்பது. வலியில் கண் இருட்டியபோது சின்னவளுக்கு வகுப்பில் படித்த ஒன்று நினைவுக்கு வந்தது. ஓடிக்கொண்டிருக்கும் கோப்பை அழிக்க முடியாது. அது மூடும்வரை கம்ப்யூட்டர் காத்திருக்கத்தான் வேண்டும். அது உண்மையா, தான் தப்பாகக் குறித்துக்கொண்டதா என்று அவளுக்கு அந்த நிமிடத்திலும் சந்தேகம் வந்தது. ஆனால் வலது கை மவுஸ் மேல்தான் இருந்தது. அக்காவின் கோப்புறை. குரல் பதிவு. இரண்டு அழுத்து. இடது கையால் ஸ்பீக்கர் குமிழைக் கடைசிவரை திருகினாள்.

"பதட்டப்படாத" என்றது கம்ப்யூட்டர், அறை அதிர. "மெதுவா மூச்சு விடு. கத்தினா இன்னும் இறுக்குவேன்."

தையல் மெஷின் பக்கம் அம்மா அப்படியே நின்றுபோனாள்.

திரையில் ஒரு கட்டம் எழுந்தது: கோப்பு பயன்பாட்டில் உள்ளது, அழிக்க முடியவில்லை, மீண்டும் முயலவா? அத்தான் குனிந்து மவுஸைப் பிடிக்கப் போனார். சின்னவள் இரண்டு கையாலும் அதை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு மேசைமேல் கவிழ்ந்தாள்.

"எடு கையை" என்றார். குரல் உயரவேயில்லை. அவள் தலைமுடியைக் கொத்தாகப் பிடித்துத் தூக்கி, மேசை விளிம்பில் மோதினார். புருவம் கிழிந்தது. சூடாக ஏதோ கண்ணுக்குள் வழிந்தது. மறுபடி மோதினார். முன்பல் உதட்டைக் குத்திக்கொண்டு நின்றது. அவள் மவுஸை விடவில்லை. அவர் விசைப்பலகையை எடுத்து அவள் விரல்கள்மேல் விளிம்பால் வெட்டுவதுபோல இறக்கினார். எழுத்துப் பொத்தான்கள் தெறித்து அறையெங்கும் சிதறின. சுண்டுவிரலில் ஏதோ முறியும் சத்தம் அவளுக்கே கேட்டது.

ஸ்பீக்கரில் அக்காவின் குரல், கிழிந்த துணிபோல: "அம்மா… அம்மா…"

"அம்மாவா? உங்கம்மாவே என் பக்கம்தான். நான் சொன்னா உன்னைக் கட்டி இழுத்துட்டு வந்து என் வாசல்ல விட்டுட்டுப் போகும்" என்றது பதிவிலிருந்த அவர் குரல்.

அம்மா துணி வெட்டுகிற பெரிய கத்தரிக்கோலை எடுத்தது யாருக்கும் தெரியவில்லை. நான்கு எட்டு வைத்தாள். மேசைமேல் ஊன்றியிருந்த அவர் வலது கையின் புறங்கையில், இரண்டு அலகையும் சேர்த்துப் பிடித்து, முழு எடையோடு இறக்கினாள். கத்தரிக்கோல் கையைத் துளைத்து மரத்தில் பாய்ந்து நின்றது.

இத்தனை வருடத்தில் முதல் தடவையாக அந்த மனிதன் கத்தினான்.

"டேய்" என்றாள் அம்மா. மாப்பிள்ளை என்று கூப்பிட்ட வாய் அது. "டேய், எடுடா கையை என் பிள்ளை மேலேர்ந்து!"

அவன் கத்தரிக்கோலைப் பிடுங்கி எறிந்தான். ரத்தம் திரையில் விசிறியடித்தது. அம்மாவின் வயிற்றில் உதைத்தான். அவள் துணிக் குவியல்மேல் போய் விழுந்தாள். உள்ளறை வாசலில் அக்கா வந்து நின்றாள். நல்ல கையில் துணி தேய்க்கும் இரும்புப் பெட்டி; ஒயர் தரையில் இழுபட்டுக்கொண்டு வந்தது. அவன் அவளைப் பார்த்து, "மெதுவா…" என்று ஆரம்பித்தான். அவள் வாக்கியத்தை முடிக்க விடவில்லை. பெட்டி அவன் தாடையில் இறங்கியது. தடுமாறி மண்டியிட்டவன் எழுந்திருக்கும்போதே, மேசைக்கடியிலிருந்த கம்ப்யூட்டர் பெட்டியைக் கண்டுகொண்டான். உதைத்தான். தகரம் நெளிந்தது. இன்னொரு உதை. மூன்றாவதில் அதன் விளக்கு அணைந்தது. ஸ்பீக்கரில் அவன் குரலும் நின்றது.

அந்த அமைதியில் அவன் மூச்சிரைப்பது மட்டும் கேட்டது. அக்கா இரும்புப் பெட்டியை மறுபடி ஓங்கினாள். அம்மா தைத்து முடித்திருந்த யாருடைய சட்டையையோ அவன் இழுத்துக் கையில் சுற்றிக்கொண்டு, ஒரு செருப்பைத் தவறவிட்டு, வாசலைத் தாண்டினான். கார் எதிர்வீட்டுச் சுவரில் உரசிக்கொண்டு போனது.

அம்மா தவழ்ந்துவந்து அக்காவின் கழுத்திலிருந்த துணியை அவிழ்த்தாள். அடியில் பெல்ட்டின் அகலத்துக்குக் கருநீலத் தடம். கொக்கி பதிந்த இடத்தில் தோல் உரிந்திருந்தது.

"நாந்தானே அனுப்பினேன்" என்றாள் அம்மா. "மூணு தடவை. நாந்தானே அனுப்பினேன்."

"இனிமே அனுப்பாதம்மா" என்றாள் அக்கா. இரும்புப் பெட்டி இன்னும் அவள் கையில்தான் இருந்தது.

மருத்துவமனையில் அக்காவின் கைக்கு மாவுக்கட்டு, சின்னவளின் புருவத்தில் ஐந்து தையல், சுண்டுவிரலுக்குப் பட்டை. தையல் போட்ட டாக்டர், "யார் அடிச்சது?" என்று கேட்டபோது மூன்று பேரும் ஒரே நேரத்தில் பதில் சொன்னார்கள். அவர் காவல் நிலையத்துக்குத் தகவல் கொடுத்தார். வந்த பெண் காவலர் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு, "அவரும் வேற ஆஸ்பத்திரியில படுத்துக்கிட்டு, கத்தியால குத்திட்டாங்கன்னு புகார் கொடுத்திருக்காரு. உங்ககிட்ட ஆதாரம் ஏதாவது இருக்கா?" என்று கேட்டார்.

"இருக்கு" என்றாள் அம்மா, யோசிக்காமல். "நான் கேட்டேன்."

"நீங்க கேட்டது போதாதும்மா. நாங்க கேக்கணும். காலையில பத்து மணிக்கு வாங்க."

வீட்டுக்கு வந்ததும் சின்னவள் நெளிந்த கம்ப்யூட்டர் பெட்டியைத் திறந்தாள். நான்கு திருகு; ஒற்றைக் கையால் கழற்ற நேரமாயிற்று. ஹார்ட் டிஸ்கை வெளியே எடுத்துக் காதருகே வைத்து மெல்லச் சாய்த்துப் பார்த்தாள். உள்ளே எதுவும் உடைந்து உருளும் சத்தம் இல்லை. அதனால் நன்றாக இருக்கிறது என்று அர்த்தமா? அப்படிச் சொல்லிவிட முடியாது. விளக்கு அணைவதற்கு முந்தின நொடியில் அது அழிந்துபோயிருக்கலாம். அம்மா ஒரு சுத்தமான துணித்துண்டை நீட்டினாள். டிஸ்கை அதில் இரண்டு சுற்றுச் சுற்றி, தானே ஊசி நூலால் நாலு தையல் போட்டு மூடினாள்.

"அதுல என் குரல் இருக்குமாடி, மாப்பிள்ளை சொல்றதைச் செய்யேன்னு சொன்னது?"

"இல்லம்மா. அது பதிவாகலை."

அம்மா தலையாட்டினாள். போய் அக்காவின் பக்கத்தில் படுத்துக்கொண்டாள்.

மார்ச் 12, புதன், இரவு 10.50. இடது கையால் எழுதுகிறேன்.
இன்றைய தவறுகள்: மூன்று. கேபிளைச் செருகினால் தானாக பேக்கப் தொடங்கும் ஏற்பாட்டை மாற்றாமல் விட்டது. ஒரே நகல் வைத்திருந்தது. ஞாயிறன்றே அம்மாவிடம் சொல்லாதது. மூன்றாவதுதான் பெரிது.
நாளை: காலை எட்டரைக்கு டிஸ்கை வகுப்புக் கம்ப்யூட்டரில் இணைக்கவேண்டும். பதிவு இருந்தால் மூன்று நகல்: ஒன்று காவல் நிலையத்துக்கு, ஒன்று ஆசிரியரிடம், ஒன்று அம்மாவிடம். ஒவ்வொன்றையும் திறந்து சோதிக்கவேண்டும். இந்தத் தடவை கடைசிவரை கேட்கவேண்டும்.