பேட்டரித் திருடனை என் நாத்தனார் பிடித்த கதை

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கண்ணுகளா. இந்தக் கதை என் தலையில் உதித்ததல்ல. என் நாத்தனார் போட்ட கட்டளை. "கண்டவங்க கதையெல்லாம் எழுதறீங்களே அண்ணி, நான் செஞ்சதை ஒரு வரி எழுதக் கூடாதா?" என்றாள். கேள்வி நியாயம்தான். உட்கார்ந்துவிட்டேன்.

முதல் தொடக்கம்: அதிகாலைப் பனியில் அந்தப் பழைய கார் ஒரு முதிய யானையைப் போல...

வேண்டாம். யானை தள்ளினால் நகராது. இந்தக் காரைத் தெருவே கூடித் தள்ளியிருக்கிறது.

இரண்டாவது தொடக்கம்: சாவியைத் திருப்பினாள். 'டிக்' என்றது. அவ்வளவுதான்.

இது பரவாயில்லை. இதையே வைத்துக்கொள்வோம்.

2

நாத்தனாருக்குப் பிழைப்பே அந்தக் கார்தான். நடக்க முடியாதவர்களை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போய்த் திரும்பக் கொண்டுவந்து விடுவாள். அவர்களில் ஒருவர் தையற்காரர், சிறுநீரகம் கைவிட்ட மனிதர். ஒருநாள் விட்டு ஒருநாள் ரத்தத்தைச் சுத்தம் செய்தாக வேண்டும். நேரம் தவறினால் படுக்கை அடுத்தவருக்குப் போய்விடும். காரோ ஒருநாள் சும்மா நின்றால் போதும், மறுநாள் பேட்டரி செத்துக் கிடக்கும். போன வாரம் கார் கிளம்பத் தாமதமானதில் தையற்காரருக்குப் பாதிச் சிகிச்சைதான் கிடைத்தது. வீங்கின காலோடு திரும்பினார்.

பட்டறையில் புது பேட்டரி போட்டார்கள். அதுவும் செத்தது. டைனமோவை* மாற்றினார்கள். அப்போதும் 'டிக்'.

நாத்தனாரின் மருமகன் முடிவாகச் சொல்லிவிட்டார். "வண்டிக்கு வயசாயிடுச்சு அத்தை. நாளைக்கும் கிளம்பலன்னா எடைக்குப் போட்டுடலாம். அந்தப் பெரியவரை வேற யாராவது கூட்டிட்டுப் போகட்டும்."

"எனக்கும்தான் வயசாயிடுச்சு மாப்ள. என்னை என்ன விலைக்குப் போடுவீங்க?"

(இந்த இடத்தில் மாப்பிள்ளையைக் கெட்டவனாக்க ஆசைப்பட்டேன். முறுக்கு மீசைகூட வைத்துப் பார்த்தேன். பாவம், தினம் காரைத் தள்ளுகிறவரே அவர்தான். மீசையை எடுத்துவிட்டேன்.)

* கார் ஓடும்போது பேட்டரிக்கு மின்சாரம் ஊட்டுவது. ஊட்டுவதில் குறையில்லை, குடம்தான் எங்கேயோ ஒழுகியது.

3

நிற்கிற காரில் எதுவோ ஓசியில் மின்சாரம் குடிக்கிறது. எது?

அன்று தள்ளிக் கிளப்பி ஓட்டியதில் பேட்டரி ஏறியிருந்த நேரம் பார்த்து, நாத்தனார் தெரு எலக்ட்ரீஷியனிடம் ஒரு மீட்டரை இரவல் வாங்கினாள். எப்படிக் கோப்பது என்று அவரை இரண்டு தடவை சொல்ல வைத்தாள். பேட்டரியின் மைனஸ் வயரைக் கழற்றி, வயருக்கும் பேட்டரிக்கும் நடுவில் மீட்டரை வைத்தாள். இனி சொட்டு மின்சாரம் போனாலும் அதைத் தாண்டித்தான் போக வேண்டும்.

ஃபியூஸ் பெட்டி ஸ்டியரிங்குக்குக் கீழே இருந்தது. கதவைத் திறந்தால் கூரை விளக்கு எரிந்து கணக்கு கெடும். அதனால் கதவுச் சுவிட்சை அமுக்கி, காயத்துக்குப் போடும் பிளாஸ்டரை அதன்மேல் ஒட்டினாள். கதவு மூடியிருக்கிறது என்று கார் நம்பிவிட்டது. (கதை எழுதுவதும் இந்தப் பிளாஸ்டர் வேலைதான். நீங்கள் நம்பும்வரை ஒட்டி வைக்க வேண்டும்.)

"அண்ணி, நீங்க மீட்டரைப் பாருங்க. நம்பர் விழுந்தா சொல்லுங்க."

"எவ்வளவு விழணும்?"

"விழுந்தா உங்களுக்கே தெரியும். பேசாம பாருங்க."

ஒவ்வொரு ஃபியூஸாகப் பிடுங்கினாள். ஹாரனுக்கு எண் அசையவில்லை. வைப்பருக்கும் அசையவில்லை. ரேடியோவுக்குத் துளி குறைந்தது. "அது கடிகாரத்துக்குப் போறது, நியாயமான செலவு. விடுங்க." அடுத்ததைப் பிடுங்கினாள். எண் தொபுக்கென்று விழுந்தது.

"விழுந்துடுச்சு," என்றேன்.

அது காரின் உள்விளக்குகளுக்கான ஃபியூஸ். கூரை விளக்கு அணைந்துதான் இருந்தது. மிச்சம் இருப்பது டிக்கி விளக்கு மட்டுமே.

4

இங்கே நான் எழுதியிருந்தது: நாத்தனார் டிக்கிக்குள் ஏறிச் சுருண்டு படுத்தாள். நான் மூடினேன். உள்ளிருந்து அவள் குரல்...

அவளுக்குப் படித்துக் காட்டினேன். "நான் என்ன உருளைக்கிழங்கு மூட்டையா? நடந்ததை எழுதுங்க."

நடந்தது இது. ஃபியூஸைத் திரும்பச் சொருகினாள். மூடிய டிக்கிக்கு முன்னால் சற்று நேரம் காத்திருந்துவிட்டு, வெடுக்கென்று திறந்து பல்பைத் தொட்டாள். "ஸ்ஸ்" என்று விரலை உதறினாள். அந்த நொடியில்தான் எரியத் தொடங்கிய பல்பு அப்படிச் சுடாது. திறந்தால் எரிவது அதன் வேலை. மூடிய பிறகும் எரிகிறதா என்று யார் எட்டிப் பார்ப்பது?

பட்டறையே கோட்டை விட்டதை எங்கள் வீட்டுப் பெண் விரலைச் சுட்டுக்கொண்டு பிடித்தாள். இதற்கு நான் பெருமைப்படாமல் வேறு எதற்குப் படுவது? அவளும் அடக்கமெல்லாம் காட்டவில்லை. மருமகனைப் போனில் கூப்பிட்டாள். "எடைக்காரனை வர வேண்டாம்னு சொல்லுங்க மாப்ள. திருடன் சிக்கிட்டான்."

5

ஆனால் விளக்கு ஏன் அணையவில்லை? கெட்டிக்கார எழுத்தாளர் என்றால் காரணத்தை முதல் பகுதியிலேயே ஒளித்து வைத்திருப்பார். எனக்கே அப்போதுதான் தெரிந்தது. உங்களுக்கும் இப்போது தெரிந்தால் போதும்.

தையற்காரரின் சக்கர நாற்காலி டிக்கி விளிம்பைக் கீறிவிட்டதாம். மனசு கேட்காமல் அவர் ஒரு விரிப்புத் தைத்துக் கொடுத்திருந்தார். நோய் வந்த பிறகு மிஷின் பக்கமே போகாதவர், இதற்காக உட்கார்ந்திருக்கிறார். விளிம்பையும் மூடும்படி பஞ்சு வைத்துத் தடித்த ஓரம், நெருக்கமான இரட்டைத் தையல். அந்தத் தடிப்பில் டிக்கி பூட்டிக்கொண்டாலும் முழுக்க இறங்கவில்லை. மூடியதும் விளக்கை அணைக்கும் சுவிட்சு அமுங்கவில்லை. விளக்கு விடிய விடிய எரிந்தது.

விரிப்பை எடுத்துவிட்டு மூடினாள். மீட்டரில் எண் அடங்கியது. இவளும் அடங்கிப்போனாள், விரிப்பைக் கையில் மடித்து வைத்தபடி.

"இதை இப்ப என்ன அண்ணி செய்யறது?"

6

முடிவு ஒன்று: துவைக்கப் போட்டிருப்பதாகச் சொல்கிறாள். (எத்தனை நாள் துவைப்பாள்?)

முடிவு இரண்டு: தடித்த ஓரத்தை வெட்டிவிட்டு விரிக்கிறாள். (தைத்தவர் விரலுக்குத் தெரியாதா?)

முடிவு மூன்று: உண்மையைச் சொல்கிறாள். தன் சிகிச்சையைப் பாதியாக்கியது தன் கைத்தையலே என்று அவர்...

பேனா நகரவில்லை. அவளிடமே கேட்டேன். "கார் கிளம்பிச்சு, அதை எழுதுங்க. மத்தது எனக்கும் அவருக்கும் நடுவுல," என்றாள்.

எழுதுகிறேன். காலையில் முதல் திருப்பிலேயே கார் உறுமியது. தெருவுக்கே கேட்கட்டும் என்று ஆக்சிலேட்டரைக் கூடுதலாக ஒரு மிதி மிதித்தாள். தையற்காரர் வாசலில் தயாராக இருந்தார். கார்க் கதவைப் பிடித்து நின்றுகொண்டார். நாற்காலியை மடித்து வைக்க அவள் டிக்கியைத் திறந்தாள். தன் தையலைப் பார்க்க அவர் எட்டிப் பார்த்தார்.

"எங்கே தங்கச்சி, நம்ம விரிப்பு?"

இதற்கு மேல் என்னைக் கிட்டே விட மாட்டாள். நீங்கள் போய் அவர் பக்கத்தில் நில்லுங்கள் கண்ணுகளா. அவளுக்குப் பதிலாக நீங்கள் சொல்லுங்கள். மெதுவாகச் சொல்லுங்கள், ஆனால் சீக்கிரம் சொல்லுங்கள். ஆஸ்பத்திரிப் படுக்கை காத்திருக்காது.