வேடிக்கை பார்க்க வந்தவர்

தம்பி கோர்ட்டுக் கூண்டில் நின்றதைக்கூட அக்கா எப்படியோ பொறுத்துக்கொண்டாள். அவனைப் பார்க்க ஆறு பேர் பெஞ்சில் உட்கார்ந்திருந்ததைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. சொந்தமா பந்தமா, ஒன்றும் கிடையாது. ஒருவர் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். வீட்டில் என்ன தொல்லையோ, தினமும் டிபன் டப்பாவோடு வந்துவிடுவாராம். சட்டம் படிக்கும் பெண்கள் இருவர். வெயிலுக்கு ஒதுங்கிய ஒரு புருஷன் பெண்டாட்டி. ஆறாவது ஆளைக் கண்டால்தான் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சட்டை முழுக்க எண்ணெய்க் கறை, காலடியில் கனத்த பை, கால்மேல் கால், வாய் நிறையக் கொட்டாவி. ஒரு குடும்பத்தின் தலையெழுத்து இந்த மனுஷனுக்குக் கொட்டாவி விடுகிற சமாச்சாரமாகிவிட்டது.

அக்கா ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் மேற்பார்வையாளர். அழுக்கு விரிப்புகள் பின்வாசலில் வரும், மூடிய கதவுக்குள் வெளுக்கும், மடிப்புக் கலையாமல் முன்வாசலில் போகும். இடையில் நடப்பதை யாரும் பார்க்கத் தேவையில்லை. இருபது வருஷமாக அவள் வேலையையும் வீட்டையும் இப்படித்தான் நடத்திவந்தாள். அம்மா போனபின் தம்பியை வளர்த்ததும் இப்படித்தான். அவன் பரீட்சையில் தோற்ற சங்கதி பக்கத்து வீட்டுக்கு இன்றுவரை தெரியாது.

அப்படிப்பட்டவளுக்கு இப்படி ஒரு வழக்கு. தம்பி தண்ணீர் கேன் வண்டி ஓட்டுகிறவன். ஒரு நாள் பகல் இரண்டு மணிக்கு, ஒரு பெரியவரை இடித்துத் தள்ளிவிட்டு நிற்காமல் போனான் என்று குற்றச்சாட்டு. நான் அந்த நேரத்தில் அந்தத் தெருவிலேயே இல்லை என்று அவன் தலையில் அடித்துச் சொன்னான். பெரியவர் இடுப்பு முறிந்து பிழைத்துக்கொண்டார், ஆனால் வண்டியைப் பார்க்கவில்லை. பார்த்ததாகச் சொன்னவர் எதிரே மருந்துக்கடை வைத்திருப்பவர் ஒருவர்தான். அவர் வார்த்தை எடுபட்டால் தம்பிக்கு ஜெயில். வீட்டில் அவனுக்கு நாலு மாதக் கைக்குழந்தை.

"சார், இவங்களை எல்லாம் வெளிய அனுப்பச் சொல்லுங்க," என்றாள் வக்கீலிடம்.

"அப்படியெல்லாம் கேக்க முடியாதும்மா."

"கேட்டாத்தான் என்ன? வாய் வலிக்குமா?"

சலவைக்கூடத்தில் முப்பது பேரை வேலை வாங்குகிற குரல் அது. வக்கீல் பாவம், எழுந்து நின்று கேட்டுவிட்டார். நீதிபதி அம்மா கண்ணாடியைக் கழற்றினார்.

"இது என் வீட்டுக் கதவு இல்லைங்க, நான் நினைச்சா சாத்தறதுக்கு. சின்னக் குழந்தைங்க விஷயம்னா சாத்தச் சொல்லிச் சட்டமே சொல்லுது. இது நடுரோட்டுல நடந்தது. யார் வேணும்னாலும் உக்காந்து கேக்கலாம்."

சொன்னதோடு விட்டாரா? பாதி சாத்தியிருந்த கதவையும் நன்றாகத் திறந்து வைக்கச் சொன்னார். அக்காவுக்கு முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. அந்த ஆத்திரத்தை யார்மேல் காட்டுவது? எண்ணெய்ச் சட்டைக்காரரைத் திரும்பி ஒரு முறை முறைத்தாள். அவர் எழுந்திருக்கப் போனவர்போல அசைந்து, பிறகு இன்னும் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டார்.

மருந்துக்கடைக்காரர் சாட்சி சொன்னார். கல்லாவில் உட்கார்ந்திருந்தாராம். வெள்ளை வண்டி வந்ததாம், இடித்ததாம், நம்பர் பளிச்சென்று தெரிந்ததாம். வக்கீல் குறுக்கே நெடுக்கே கேட்டும் மனுஷர் அசையவில்லை.

அப்போதுதான் பெஞ்சிலிருந்து குரல் வந்தது. "அம்மா, அது எப்படிங்க..."

"உக்காருங்க," என்றார் நீதிபதி. "கேக்கலாம், குறுக்க பேசக் கூடாது. ஏதாவது சொல்லணும்னா இடைவேளையில வக்கீல்கிட்ட சொல்லுங்க."

எண்ணெய்ச் சட்டைக்காரர் உட்கார்ந்தார். இருக்கிற கஷ்டம் போதாதென்று இவன் வேறு என்று அக்கா பல்லைக் கடித்தாள்.

இடைவேளையில் அவர் நேராக வக்கீலிடம் வந்தார். பையிலிருந்து ஸ்பானர், கயிறு, பாதி பன் எல்லாவற்றையும் எடுத்து வெளியே வைத்தபின் ஒரு நோட்டு வந்தது.

"நான் ஷட்டர் ரிப்பேர் பண்றவன் சார். இங்க ரிக்கார்டு ரூம் ஷட்டரைப் பார்க்க வந்தேன். சாவி வெச்சிருக்கவர் டீ குடிக்கப் போயிட்டாரு. சரி, ஃபேன் ஓடுதேன்னு உள்ள வந்து உக்காந்தேன். அந்த மருந்துக்கடை ஷட்டரும் நான்தான் பார்த்தேன். அவர் சொல்ற அதே நாள். ஸ்பிரிங் அறுந்து ஷட்டர் தடால்னு இறங்கிடுச்சு, அவரு உள்ள மாட்டிக்கிட்டாரு. நான் வெளிய ஏணியில நின்னு வேலை பார்த்துட்டிருக்கேன், முதுகுக்குப் பின்னால சத்தம். நான் திரும்பறதுக்குள்ள வண்டி போயிடுச்சு. எனக்கே நம்பர் தெரியல. இரும்புக்கு அந்தப் பக்கம் இருட்டுல இருந்தவரு படிச்சாராமா?"

"இதை ஏன் அப்பவே போலீஸ்ல சொல்லல?" என்றார் வக்கீல்.

"யாரு கேட்டா? ஷட்டரைத் தூக்கிவிட்டுட்டு அடுத்த வேலைக்குப் போயிட்டேன். கேஸ் நடக்குறதே இன்னிக்குத்தான் தெரியும்."

மூன்று மாதத்துக்குள் மறுபடி பழுதானால் இலவசமாகப் பார்த்துத் தருவது அவர் வழக்கம். அதனால் ஒவ்வொரு வேலைக்கும் தேதி, தொடங்கிய நேரம், முடித்த நேரம் எழுதிக் கடைக்காரரிடம் கையெழுத்து வாங்கிவிடுவார். அந்தத் தேதியில் ஒன்றரை முதல் மூன்று என்று எழுதியிருந்தது. கீழே மருந்துக்கடைக்காரரின் கையெழுத்து.

அக்காவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

எதிர்த்தரப்பு வக்கீல் சும்மா விடுவாரா? இவர் கோர்ட்டில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டவர், இவரைச் சாட்சியாக ஏற்கக் கூடாது என்றார். "அவர் சாட்சியா வரலையே, பொதுமக்கள்ல ஒருத்தரா வந்தார். கேட்டதாலதானே அவருக்கே விஷயம் தெரிஞ்சுது," என்று நீதிபதி அனுமதி கொடுத்தார்.

அடுத்த வாரம் நோட்டைக் கண்டதும் மருந்துக்கடைக்காரர் முகத்தில் ஈயாடவில்லை.

"சொந்தக் கடைக்குள்ளயே மாட்டிக்கிட்டேன்னு சொல்ல வெக்கமா இருந்துச்சு," என்றார். "வெள்ளை வண்டின்னு வெளிய பேசிக்கிட்டாங்க. எங்க தெருவுக்கு தினம் வர்ற வெள்ளை வண்டி இந்தப் பையனோடதுதான், நம்பர்கூட எனக்கு மனப்பாடம். அதனால அதுவாத்தான் இருக்கும்னு..."

அந்த ஆளை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்க வேண்டும் என்றுதான் அக்கா நினைத்திருந்தாள். கேட்கத் தோன்றவில்லை. வெட்கம் என்றால் என்னவென்று அவளுக்கும் தெரியும்.

தீர்ப்பு நாளில் தம்பி விடுதலை என்று படித்தபோது அவள் வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. ஷட்டர்காரரும் வந்திருந்தார், சலவைச் சட்டை போட்டுக்கொண்டு. தாழ்வாரத்தில் அக்கா அவர் முன்னால் போய் நின்றாள்.

"அண்ணே, அன்னிக்கு உங்களை வெளிய அனுப்பச் சொன்னது நான்தான். மன்னிச்சிடுங்க."

"தெரியும்மா. அப்பவே சாவி வந்துடுச்சுன்னு வெளிய இருந்து கையைக் காட்டிக் கூப்பிட்டாங்க. எந்திரிச்சிருப்பேன். நீங்க முறைச்ச முறையில, இப்ப எந்திரிச்சா பயந்து ஓடுற மாதிரி ஆயிடுமேன்னு வீம்புக்கு உக்காந்துட்டேன்."

அழுதுகொண்டிருந்த அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே இன்னும் கொஞ்சம் அழுதாள். அத்தனை பேர் பார்த்தார்கள், பார்த்துவிட்டுப் போகட்டும். தம்பிதான் ஒன்றும் புரியாமல் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான்.

கிளம்புமுன் அவள் மட்டும் மறுபடி உள்ளே போனாள். அடுத்த வழக்கை இன்னும் கூப்பிடவில்லை. நீதிபதி நிமிர்ந்து பார்த்தார்.

"உங்க கேஸ்தான் முடிஞ்சுடுச்சேம்மா. இன்னும் என்ன வேணும்?"

"ஒண்ணும் வேணாம்மா. நன்றி சொல்ல வந்தேன்."

"தீர்ப்புக்கெல்லாம் நன்றி சொல்லக் கூடாது. அது என் வேலை."

"தீர்ப்புக்கு இல்லம்மா. அன்னிக்கு எல்லாரையும் வெளிய அனுப்பச் சொன்னேன், முடியாதுன்னீங்க. நான் கேட்டதை நீங்க செஞ்சிருந்தா என் தம்பி இன்னிக்கு ஜெயில்ல இருப்பான்."