ஆத்துப்பாலைக் கால்

முத்துக்கனிக்கு அன்றைக்கு விசயம் தெரிந்தது கயிறு வழியாகத்தான். புருசன் நாராயணபெருமாள் வாயைத் திறந்து ஒன்றும் சொல்லவில்லை. அவனாவது சொல்லுவதாவது! கள்ளத்தனம் பண்ணுகிறவன் கொட்டடித்துக்கொண்டா பண்ணுவான்?

கருங்கல் ஊருக்குப் பக்கத்தில் வீடு. வீட்டுக்குப் பின்னால் ஓலைச் சாய்ப்பில் அவனுடைய கடைசல் பட்டறை. கட்டில் கால், தொட்டில் கம்பு, பிள்ளைகள் விளையாடுகிற செப்பு எல்லாம் கடைவான். ரெண்டு முளைகளுக்கு நடுவில் கட்டை படுத்திருக்கும். கட்டையில் கயிறு சுற்றியிருக்கும். கயிற்றின் ரெண்டு நுனியையும் பிடித்துக்கொண்டு எதிரே உட்கார்ந்திருப்பவள் முத்துக்கனி. ஒரு கையை இழுத்தால் கட்டை அவனைப் பார்த்துச் சுழலும், உளி கடிக்கும். மறுகையை இழுத்தால் கட்டை திரும்பிச் சுழலும், அவன் உளியை விலக்கிக்கொள்வான். கல்யாணம் ஆகி வந்த புதிதில் பிடித்த கயிறு. மரத்தில் என்ன நடக்கிறது என்று அவள் உள்ளங்கைக்குத் தெரியாமல் இருக்குமா?

இன்றைக்குக் கட்டை ஆத்துப்பாலை. திற்பரப்பு அருவிக்குக் கீழே ஆற்றங்கரையில் வெட்டி, அடுப்புக்கு மேலே பரணில் போட்டுக் காயவைத்தது. வெள்ளை மரம், கனமில்லாத மரம். மரக்கால் செய்ய அதுதான் தோது. கால் யாருக்கு? முத்துக்கனியின் தம்பி தங்கப்பனுக்கு. அங்கேதான் வினை.

திருவிதாங்கூரும் கொச்சியும் ஒன்றான வருசம் தங்கப்பன் பனையிலிருந்து விழுந்து காலை ஒடித்துக்கொண்டான். நாராயணபெருமாள் அவனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகாமல், தனக்குத் தெரிந்த, எலும்புமுறிவுக்கு வைத்தியம் பார்க்கிற ஆசானிடம் கொண்டுபோய்க் கட்டுப் போட்டான். கட்டுக்குள்ளேயே கால் அழுகியது. கடைசியில் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனபோது முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். அதிலிருந்து தங்கப்பன் கருங்கல் சந்தையில் நின்று, கேட்டவன் கேட்காதவன் எல்லாரிடமும், "எனக்க கால எடுத்தது அத்தான்தான். எனக்க பங்குப் பனைய முழுங்கதுக்குச் செய்த வேலை" என்று சொல்லிக்கொண்டே இருந்தான். ஊர் நம்பியது. கட்டில் கால் வாங்க வந்தவர்கள் வேறு பட்டறைக்குப் போனார்கள். அத்தானும் மச்சினனும் ஒருவர் முகத்தில் ஒருவர் முழிப்பதையே விட்டுவிட்டார்கள்.

இந்த லட்சணத்தில்தான் மகள் தாணம்மாளுக்கு மார்த்தாண்டத்தில் சம்பந்தம் ஒத்து வந்தது. தாய்மாமன் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனால்தான் அவர்கள் வழக்கப்படி பெண் பந்தலேற முடியும். இருப்பது ஒரே மாமன். மாப்பிள்ளை வீட்டார் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்கள், "மாமன் வராத கல்யாணத்துக்கு நாங்களும் வரல்ல." முத்துக்கனி தம்பி வாசலில் போய் நின்று அழுதாள்.

"கம்பு ஊணிட்டு வரமாட்டேன் அக்கா," என்றான் தங்கப்பன். "ரெண்டு கால்ல நடந்து வருவேன். கால எடுத்தவனே கால் தரட்டும். அவனுக்க கையால செய்யட்டும்."

நாராயணபெருமாள் அதைக் கேட்டுவிட்டுச் சிரித்தான். "செய்யலாமே," என்றான். அந்தச் சிரிப்பிலேயே அவள் சுதாரித்திருக்க வேண்டும்.

மரக்காலுக்கு மேலே முழங்கால் உட்காரக் கிண்ணம், அதற்குக் கீழே கழுத்து, அப்புறம் தண்டு. கிண்ணமும் தண்டும் ஆயிற்று. கழுத்தில் உளியை வைத்தவன் அங்கேயே மேலும் மேலும் வெட்டிக்கொண்டிருந்தான்.

"என்னத்துக்கு அவ்வளவு ஆழம்?"

"அழகுக்கு ஒரு வரி. நீ இழுட்டி."

இழுத்தாள். கயிறு கையில் துள்ளியது. கட்டை நடுவில் மெலிந்து நெளிந்தால்தான் கயிறு அப்படித் துள்ளும். அவன் அதோடு விடவில்லை. சிவப்பு அரக்குக் குச்சியை எடுத்து, சுழலுகிற கழுத்தில் வைத்து அழுத்தினான். அரக்கு உருகி வரியை நிரப்பிப் பளபளவென்று ஒரு வளையமாயிற்று. வெட்டின ஆழம் மறைந்தே போயிற்று.

காலுக்கு எவனாவது அரக்கு போடுவானா? தம்பி தாணம்மாளின் கையைப் பிடித்து நாலு அடி வைப்பான். சபை பார்த்துக்கொண்டிருக்கும். அப்போது ஒடியும்.

"பந்தல்ல வச்சு அவன் விழணும், இல்லியா?"

அவன் உளியைத் துடைத்தான். "சந்தையில வச்சு என்ன விழத் தட்டினான். ஊரு சிரிச்சுது. அவனயும் பாத்து ஒருக்கச் சிரிக்கட்டும்."

"அவன் கையப் பிடிச்சிட்டு வாறது நாம பெத்த பிள்ளையாக்கும்!"

"பிள்ளையப் பிடிக்க நான் இருக்கேன்."

தூ, நீயும் ஒரு மனுசனா என்று அவள் கேட்டேவிட்டாள். அதற்குள் முற்றத்தில் கம்பு ஊன்றும் சத்தம். கால் வாங்கத் தங்கப்பன் வந்துவிட்டான்.

அத்தானை அவன் பார்க்கவில்லை. காலைத்தான் பார்த்தான். கையில் வாங்கிக் கனம் பார்த்தான். சிவப்பு வளையத்தை விரலால் தடவினான். பாவிப்பயலுக்கு முகம் மலர்ந்துவிட்டது.

"கொள்ளாம் அக்கா. நல்லாத்தான் செய்திருக்காரு."

'அவன்' போய் 'அவர்' வந்துவிட்டது. நாராயணபெருமாள் தலையை வேறு பக்கம் திருப்பிக்கொண்டான்.

முத்துக்கனிக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை. காலைப் பிடுங்கினாள். படிக்கல்லில் சாய்த்து வைத்து ஓங்கி மிதித்தாள். படக்கென்று வளையத்தில் ஒடிந்தது. அரக்குக்குள்ளே சுண்டுவிரல் கனத்துக்குக்கூட மரம் இல்லை.

தங்கப்பன் ஒடிந்த இடத்தைக் குனிந்து பார்த்தான். விளங்கிவிட்டது. கம்பை ஓங்கிக்கொண்டு ஒற்றைக்காலில் பாய்ந்தான். "கொல்லாம விடமாட்டேன்லே!"

"வாலே, வா. எனக்க பேரக் கொன்னவன்தானே நீ," என்று நாராயணபெருமாள் உளியைத் தூக்கினான்.

முத்துக்கனி நடுவில் போய் நின்றாள். கெஞ்சவில்லை. கெஞ்சுகிற காலம் முடிந்துபோயிற்று. "வெட்டிக்கிட்டுச் சாவுங்க. தாணத்துக்க கல்யாணத்த நிறுத்தியாச்சுன்னு மார்த்தாண்டத்துக்கு ஆள் விட்டுட்டு வாறேன், அதுக்குப் பொறவு சாவுங்க."

ஓங்கின கம்பும் உளியும் தாழ்ந்தன. அவள் பரணிலிருந்து மிச்சமிருந்த ஆத்துப்பாலைக் கட்டையை இழுத்துப் பட்டறையில் போட்டாள்.

"தங்கப்பா, கயிறப் பிடி."

"நானா? அவனுக்கா?"

"ஒனக்க காலுக்குலே! பனையேறின கைதானே, கட்டை மெலிஞ்சா கயிறு துள்ளும், ஒனக்கே தெரியும்." புருசன் பக்கம் திரும்பினாள். "அவன் கோணலா ஒரு இழுப்பு இழுத்தா உளி ஒங்க விரலக் கொண்டுபோயிரும். நீங்க கழுத்த வெட்டினா ஒங்களுக்குக் கையி கிடையாது, அவன் ஒங்க கையக் கெடுத்தா அவனுக்குக் காலு கிடையாது. ஒருத்தனுக்கொருத்தன் பயந்து செய்யுங்க. பாசமாச் செய்யுங்கன்னு நான் கேக்கல்ல."

தங்கப்பன் கம்பைக் கீழே போட்டுவிட்டு உட்கார்ந்தான். கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டான். நாராயணபெருமாள் உளியை வைக்குமுன் அவன் முகத்தை ஒருதரம் பார்த்தான். பயப்படட்டும் என்று முத்துக்கனி பார்த்துக்கொண்டு நின்றாள்.

வெயில் சாயும்வரை கடைந்தார்கள். கழுத்துக்கு வந்ததும் உளி மெல்ல இறங்கியது. தங்கப்பனின் கை சட்டென்று நின்றது.

"போதும்."

உளி அந்த நிமிசமே விலகியது. நாராயணபெருமாள் பழக்கதோசத்தில் அரக்குக் குச்சியைத் தொட்டான்.

"அரக்கு வேண்டாம்," என்றான் தங்கப்பன். "வெள்ளையாவே இருக்கட்டும். எல்லாவனும் பாக்கட்டும்."

கல்யாணத்தன்று அவன் அந்த வெள்ளைக் காலை மாட்டிக்கொண்டு வந்தான். அத்தானிடம் பேசவில்லை, கொடுத்த வெற்றிலையைத் தொடவில்லை. தாணம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டு வீட்டிலிருந்து பந்தலுக்கு நடந்தான். கொட்டும் குழலும் முழங்கின. முத்துக்கனி அவன் முழங்காலுக்குக் கீழே அந்தக் கழுத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஒவ்வொரு அடிக்கும் அவளுக்கு உயிர் போய்ப்போய் வந்தது. அவன் பந்தலில் ஏறி நின்றபிறகுதான் மூச்சு விட்டாள்.

திரும்பிப் பார்த்தால், நாராயணபெருமாளும் வேர்த்து வழிய அதே இடத்தைத்தான் பார்த்துக்கொண்டு நின்றான். மகள் எப்படி நடந்து போனாள், அழுதாளா சிரித்தாளா என்று பெற்றவர்கள் ரெண்டு பேரும் பார்க்கவே இல்லை.