சிரமத்துக்கு வருந்துகிறோம்

1

இந்தக் கதை என் மண்டையில் உதித்ததல்ல. என் தங்கையின் கணவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். வந்தவரை நாற்காலியில் உட்காரவைத்து, கண்ணெதிரே வில்லைகளை மாற்றி மாற்றிப் போட்டு, "இது தெளிவா, முன்னாடி இருந்தது தெளிவா?" என்று சலிக்காமல் கேட்பது அவர் தொழில். "இப்போ பரவாயில்ல" என்று எதிராளி சொல்லும்வரை விடமாட்டார். போன வாரம் கடைக்குப் போனபோது என்னிடமும் ஒரு கேள்வியைப் போட்டார்.

"மச்சான், ஒரு விளையாட்டுல ஜெயிச்ச பிறகு ஒருத்தி ஏன் அதத் தொடவே மாட்டேங்கறா?"

எழுதுகிறவனிடம் இப்படிக் கேட்கக் கூடாது. பதில் தெரியாவிட்டால் கதை எழுத உட்கார்ந்துவிடுவான்.

2

முதல் தொடக்கம்: "அவள் வாளை உருவிக்கொண்டு பாலத்தின் மீது—"

வேண்டாம். எனக்கு வாளைப் பற்றி ஒன்றும் தெரியாது.

அடுத்தது: "நவீன வாழ்வின் வெறுமையை நிரப்ப மனிதன் செயற்கையான சவால்களை—"

எழுதும்போதே எனக்குக் கொட்டாவி வந்துவிட்டது. சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். தங்கைக்கு மின்சாரப் புகார்ப் பிரிவில் வேலை. ஹெட்போனை மாட்டிக்கொண்டு, திட்டுகிற ஒவ்வொருவரிடமும் "சிரமத்துக்கு வருந்துகிறோம்" என்று சொல்ல வேண்டும். கம்பியை அறுத்தது அவளில்லை. ஆனால் வாங்கிக்கட்டிக்கொள்வது அவள். போன வாரம் மேலிடம் சொன்ன விதி இந்த வாரம் மாறியிருக்கும். மாறியதை அவளிடம் யாரும் சொல்லமாட்டார்கள். அதற்கும் அவளே வருந்த வேண்டும்.

அதனால் வீட்டில் அந்தச் சொல்லுக்குத் தடை. வருத்தம், மன்னிப்பு, சாரி எதுவும் காதில் விழக் கூடாது. மாப்பிள்ளை சமைத்ததில் உப்பு தூக்கலாகிவிட்டால், "உப்பு கூடிப்போச்சு" என்று தகவல் மட்டும் சொல்லிவிட்டுச் சாப்பிடுவார்.*

(* கல்யாணமான புதிதில் இதை நான் ஒரு வேடிக்கை என்று நினைத்தேன். இப்போது இந்தக் கதையே இதில்தான் மாட்டிக்கொண்டு நிற்கிறது.)

3

தங்கை வேலை விட்டு வந்து முகம் கழுவியதும் கணினி முன் உட்காருவாள். நாமே ஓர் ஆளை உருவாக்கி, பலம், வேகம், பேச்சுத் திறமை என்று புள்ளிகளைப் பங்கிட்டு, அந்த ஆளாகவே ஓர் உலகத்தில் அலைகிற விளையாட்டு. பேச்சுத் திறமைக்கு அவள் ஒரு புள்ளிகூடக் கொடுக்கவில்லை. கேட்டதற்கு, "அது ஆபீஸ்லயே தீந்துபோச்சு" என்றாளாம்.

அந்த உலகத்தில் ஒரு பாலம். அதன் நடுவில் ஒரு காவலன். அவள் போவாள், அவன் வெட்டுவான், அவள் சாவாள். மறுபடி போவாள். மாதக்கணக்கில் இதே கூத்து. மாப்பிள்ளை பின்னால் நின்று பார்த்துப் பார்த்து நொந்துபோனார். வெளியே அடிபட்டு வருகிறவள் வீட்டுக்குள்ளும் அடிபடுவதா?

ஒருநாள் அவள் குளிக்கப் போனபோது விளையாட்டின் அமைப்புகளைத் திறந்து பார்த்தார். 'சிரமம்' என்று ஒரு வரி, ஆட்டம் எவ்வளவு கடினமாக இருக்க வேண்டும் என்பதற்கு. எதிரே 'கொடூரம்' என்று இருந்தது. அவருக்குத் தொழில் புத்தி. வில்லையை மாற்றுவதுபோல் அதை 'எளிது' என்று மாற்றிவிட்டு, ஒன்றும் தெரியாதவராகச் சமையலறைக்குப் போய்விட்டார்; கடையில் அவரே என்னிடம் சொன்னது இது.

[இந்த இடத்தில் அவரை அசடாகக் காட்டலாமா என்று யோசித்தேன். மனசு வரவில்லை. பிரியத்தில் செய்ததை எப்படி எழுதினாலும் பிரியமாகத்தான் வருகிறது. அதுதான் தொல்லை.]

அன்று அவள் ஜெயித்தாள். "ஜெயிச்சுட்டேங்க" என்று கைதட்டினாள். மறுநாளிலிருந்து கணினியைத் திறக்கவில்லை. வேலை விட்டு வந்ததும் சோபாவில் சாய்ந்து மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

4

முதல் பிரதியை எழுதி முடித்தேன். அதில் காரணத்தையும் நானே கண்டுபிடித்திருந்தேன்: ஆசை நிறைவேறிவிட்டது, அலுப்பு வந்துவிட்டது, அவ்வளவுதான். கடைசிப் பத்தியில் கணவனும் மனைவியும் சேர்ந்து நடக்கப் போகிறார்கள். நன்றாகவே வந்திருந்தது. ஒரு சின்ன விவரம் மட்டும் சரிபார்க்க வேண்டியிருந்தது. தங்கைக்கு போன் போட்டேன்.

"ஒரு கதைக்காகக் கேக்கறேன். சிரமத்தக் குறைச்சுட்டா, ஆடறவங்களுக்கு அது தெரியுமா?"

அவள் திருப்பிக் கேட்டாள்: "அவர் சொன்னாரா அண்ணா?"

வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன்.

"முதல் வெட்டுலயே தெரிஞ்சுபோச்சு. அந்தக் காவலன் உயிரக் காட்டற கோடு பாதி காலி. என்னடா இதுன்னு திரும்பினேன். அவர் கரண்டியோட சமையக்கட்டு வாசல்ல நிக்கறார். நான் ஜெயிக்கணும்னு அப்படி ஒரு தவிப்பு அந்த மூஞ்சில. நான் என்ன செய்வேன்? கைதட்டினேன்."

"சந்தோஷமா?"

"ஆபீஸ் குரல்ல."

அந்தக் குரலை அவள் அதுவரை வீட்டுக்குள் கொண்டுவந்ததே இல்லை.

"செத்துச் செத்து ஆடறதுல அப்படி என்னதான் இருக்கு?" என்று கேட்டேன். கதைக்காகக் கேட்கவில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டேன்.

"அங்க நான் செத்தா அது என் தப்பு அண்ணா. சீக்கிரம் குதிச்சிருப்பேன், லேட்டா நகந்திருப்பேன். அவன் ஏமாத்த மாட்டான். நேத்து எப்படி வெட்டினானோ இன்னைக்கும் அப்படியேதான். நாள் பூரா அடுத்தவன் தப்பச் சுமந்துட்டு வரேன். சாயங்காலம் கொஞ்ச நேரம் என் தப்ப மட்டும் சுமந்தா, ஒடம்பு லேசா இருக்கும்."

இதற்கு மேல் கட்டுரை எழுத எனக்கு ஒன்றுமில்லை.

"பழையபடி மாத்தி வச்சு ஆடேன்."

"அவன் செத்தது பதிவாயிடுச்சு. பாலம் காலியா இருக்கு. ஆடணும்னா முதல்லேருந்து புது ஆள உருவாக்கணும்."

"உருவாக்கு."

"உருவாக்கினா, ஜெயிச்சத ஏன் மறுபடி முதல்லேருந்து ஆடறான்னு யோசிப்பார்; எனக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு அவருக்குத் தெரிஞ்சுடும். கைதட்டினது நடிப்புன்னும் தெரிஞ்சுடும். மன்னிப்பு கேப்பார் அண்ணா. நிறுத்தாம கேப்பார். அந்த மனுஷன் வாயிலேருந்தும் அதக் கேட்டுட்டா, அப்புறம் நான் எங்க போவேன்? சொல்லிடாத."

சரி என்றேன். முதல் பிரதியை ஓரமாக வைத்துவிட்டு, இதுவரை நீங்கள் படித்ததை எழுதினேன்.

5

முடிவுகள் சில முயன்றேன்.

அவரே ஒருநாள் வாய்விட்டு— இல்லை, எந்தச் சொல்லால் சொல்வார்?

அவள் தானே புது ஆளை— முடியாது. அவர் மனம் நோகக் கூடாதென்றுதான் தனக்கிருந்த ஒரே ஓய்வை அவள் கைகழுவியிருக்கிறாள்.

விளையாட்டு தானாகவே கெட்டுப்போய்— சீ, இது 'எளிது'.

எனக்கு அலுத்துவிட்டது. ஒரே அறைக்குள் இரண்டு பேர், ஒருவர் முகத்தை ஒருவர் காப்பாற்றிக்கொண்டு, சாயங்காலம் முழுக்க மின்விசிறியைப் பார்க்கிறார்கள். என்ன கொடுமை இது.

6

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே மாப்பிள்ளை வந்துவிட்டார். முன்னறையில் உட்கார்ந்திருக்கிறார். தண்ணீர் கொடுத்தேன்.

"கதைய முடிச்சாச்சா மச்சான்? குடுங்க, படிக்கறேன். அவ ஏன் விட்டுட்டாங்கறதுக்கு ஏதாவது பிடிபட்டிருக்கும்ல?"

"இன்னும் கொஞ்சம் வேலை இருக்கு மாப்பிள்ள."

"பரவாயில்ல, இருக்கிறதக் குடுங்க. அவளுக்கும் வாசிச்சுக் காட்டலாம்னு இருக்கேன். ரொம்ப நாளா சும்மாவே உக்காந்திருக்கா."

மேசையில் இரண்டு பிரதிகள் இருக்கின்றன. ஒன்றில் அவர்கள் நடக்கப் போகிறார்கள். அதைக் கொடுத்தால் சிரித்துக்கொண்டே வீட்டுக்குப் போவார், அவளும் கேட்டுவிட்டுக் கைதட்டுவாள். மற்றது உங்கள் கையில் இருக்கும் இது. இதை அவர் தம் வாயாலேயே அவள் எதிரே வாசிக்க வேண்டியிருக்கும்.

தண்ணீரைக் குடித்து முடித்துவிட்டார். எழுந்து கையை நீட்டுகிறார். எதைக் கொடுக்கட்டும்?