சமையல்காரன் சொன்ன பதில்

பட்டாளத்தில் லாரி ஓட்டியவர் அவர். போரில் படை பின்வாங்கும்போது எதற்காகவும் வண்டியை நிறுத்தக் கூடாது என்று உத்தரவு. பக்கக் கண்ணாடியில் படைப்பிரிவின் சமையல்காரன் கையை ஆட்டிக்கொண்டு ஓடி வந்தான். அவர் நிறுத்தவில்லை. காணாமல் போனவன் என்று எழுதி முடித்துவிட்டார்கள்.

முன்னாள் வீரர்களுக்கான மருத்துவமனையில், போரின் பயம் விடாதவர்களுக்கு இரண்டு சிகிச்சைகளைக் கொடுத்து ஒப்பிட்டுப் பார்த்தார்கள். குலுக்கலில் அவருக்கு விழுந்தது, நடந்ததை வாய்விட்டுச் சொல்லி, அந்தப் பதிவை வீட்டில் தினமும் கேட்பது. மனைவியின் தம்பியும் பட்டாளத்துக்காரன்தான். அவனுக்குக் காலி நாற்காலியில் இறந்தவர் இருப்பதாக நினைத்துப் பேசும் சிகிச்சை.

"உங்களுக்குப் பரவாயில்ல மாமா. நான் மரக்கட்டைகிட்ட மன்னிப்பு கேட்டுக்கிட்டு இருக்கேன்," என்று அவன் சிரித்தான்.

கேட்கக் கேட்க அவருக்கு நடுக்கம் விட்டது. ஹாரன் சத்தத்துக்குத் தூக்கிவாரிப் போடுவது நின்றது. ஒரு மத்தியானம் பதிவு ஓடிக்கொண்டிருந்தபோது, துணி மடித்துக்கொண்டிருந்த மனைவி நிமிர்ந்தாள்.

"கூட யாருங்க பேசுறது?"

"டாக்டரம்மா."

"இல்லீங்க, ஆம்பளக் குரல். மூச்சு வாங்குது, ஓடி வர்ற மாதிரி."

திரும்பப் போட்டபோது அவர் குரல் மட்டும்தான் இருந்தது. ஆனாலும் அன்றிலிருந்து பதிவு ஓடும் நேரத்தில் அவள் அந்த அறைப் பக்கம் வருவதில்லை.

"பயம் இறங்கிடுச்சு. குற்ற உணர்ச்சி மட்டும் அப்படியே இருக்கு," என்றார் டாக்டர். "அடுத்ததையும் பாத்துடலாம்."

சின்ன அறை. எதிரெதிரே இரண்டு நாற்காலிகள். காலி நாற்காலியைப் பார்த்துச் சொன்னார்: "கண்ணாடியில எதுவும் தெரியலன்னு எல்லார்கிட்டயும் சொன்னேன்டா. பொய். உன்னைப் பாத்தேன்."

"இப்ப அங்க போய் உக்காருங்க. அவர் என்ன சொல்வாரோ, அதைச் சொல்லுங்க," என்றார் டாக்டர்.

போய் உட்கார்ந்தார். இருக்கை சூடாக இருந்தது, யாரோ அப்போதுதான் எழுந்து போனது போல. வாய் தானாகத் திறந்தது.

"தங்கச்சிகிட்ட போய்ச் சொல்லு."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "அவருக்குத் தங்கச்சி இருக்காங்களா?"

"எனக்குத் தெரியாதும்மா."

மச்சான் விசாரித்ததில் தங்கை இருப்பது உண்மைதான். துறைமுகத்துக்குப் பின்னால் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் தையல் மெஷின் வைத்திருந்தாள். அவர் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். மெஷின் சக்கரத்தின் மேல் வைத்த கையை அவள் எடுக்கவில்லை.

"கூப்பிட்டானா?"

"என் பேரைச் சொல்லித்தான் கூப்பிட்டான்."

வெகுநேரம் அழுதாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"மன்னிச்சுட்டேன்னு சொல்ல எனக்கு வாய் வரல. ஆனா அப்பப்ப வந்துட்டுப் போங்க. அவனைக் கடைசியா பாத்தது நீங்கதான்."

எந்தச் சிகிச்சை பலித்தது என்று டாக்டர் பின்னால் கேட்டார்.

"பயத்துக்கு மொதல்ல குடுத்தது," என்றார் அவர். "மத்தது சிகிச்சையான்னு எனக்குத் தெரியலம்மா. அன்னைக்குப் பேசினது நான் இல்ல."